தரவுத்தளங்களும் அவற்றின் வாயில்களும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் உரையின் தலைப்பைப் பார்த்த அன்பர் ஒருவர், அச்சுப்பிழை நேர்ந்துவிட்டதோ என்று தொலைபேசியில் கேட்டார். பிழை ஏதுமில்லை. யாப்பைப் பற்றியோ புதுக்கவிதையைப் பற்றியோ பேச வேண்டிய தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி, கணிப்பொறியின் தரவுத்தளத்தைப் பற்றிப் பேச வந்திருப்பதற்கு நம் வட்டமே காரணம். பத்தாண்டுகளாக நம் மாதக் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைகள் அனைத்தையும் கணிப்பொறியில் தொகுத்து வைப்பது என்று பொதுக்குழு முடிவு செய்ததும், மென்பொருள் துறையில் பணியாற்றும் நம் இளைய உறுப்பினர் இருவரிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பெற்றதும் தாங்கள் அறிந்தவையே. தமிழ் படித்தவர் ஒருவர் உடனிருக்கட்டும் என்று என்னையும் அக்குழுவில் சேர்த்தார்கள். எந்தத் தரவுத்தளம் சிறந்தது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவ்விருவரும் வாதிட்டதை அருகிருந்து கேட்டேன். பட்டிமன்றம் தோற்றுவிடும். வேகம் பேசினார்கள், விலை பேசினார்கள், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்று பேசினார்கள். கவிதை என்னும் சொல்லும் எழுத்து என்னும் சொல்லும் மட்டும் அந்த மூன்று ஞாயிறுகளிலும் வரவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர்கள் தொழிலில் ஒப்பீடு என்பது அவ்வாறுதான் செய்யப்படுகிறது. நாம் உள்ளே சென்று அமராதவரை அவ்வாறுதான் செய்யப்படும்.

தரவுத்தளம் என்பதை அறியாதவர்கள் பழைய நூலகத்தின் அட்டைப்பெட்டியை நினைத்துக்கொண்டால் போதும். ஒரே வகை விவரத்தை ஒரே ஒழுங்கில் எழுதி, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. இன்று வழங்கும் தரவுத்தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலமான கருத்தை 1970ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எட்கர் காட் என்னும் அறிஞர் கட்டுரையாக வெளியிட்டார். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் சான் ஓசே நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் அவர். அட்டைகள் எந்த அறையில் எந்த அடுக்கில் இருக்கின்றன என்பதைக் கேட்பவன் அறிய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அட்டவணைகளாகக் கருதி, தனக்கு வேண்டியது இன்னது என்று சொன்னால் போதும் என்பது அதன் சாரம். அக்கருத்தினின்று எஸ்.கியூ.எல். என்னும் வினவுமொழி பிறந்தது. 1979இல் ஆரக்கிள் விற்பனைக்கு வந்தது. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வின் வழியில் வளர்ந்தது 1996 முதல் போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் என்று பெயர் பெற்றது. மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வர், 1995இல் சுவீடன் நாட்டில் தோன்றிய மைஎஸ்கியூஎல், 2000இல் ரிச்சர்டு ஹிப் உருவாக்கிய எஸ்கியூலைட் ஆகியன நம் இளைஞர்களின் வாயில் அடிக்கடி வந்த ஏனைய பெயர்கள். இவற்றுள் இறுதியாகச் சொன்னது தங்கள் கைப்பேசிக்குள்ளும் இருக்கின்றது.

இவை அனைத்தும் ஒரே மொழி பேசுகின்றன என்பார்கள். ஒரே மொழியைத்தான் பேசுகின்றன. நெல்லையும் கோவையும் யாழ்ப்பாணமும் தமிழ் பேசுவது போல.

நாம் எழுதும் நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. இடையில் ஒருவர் வேண்டும். 1992இல் மைக்ரோசாப்ட் ஓ.டி.பி.சி. என்னும் பொது இடைமுகத்தைக் கொண்டுவந்தது. 2002இல் டாட்நெட் வெளிவந்தபோது அந்த இடையாளுக்கு டேட்டா புரொவைடர் என்று பெயரிட்டார்கள். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனிப் புரொவைடர் உண்டு. எந்தப் புரொவைடர், எந்த இடத்திலுள்ள தரவுத்தளம், யார் பெயரால் நுழைவது, எந்த எழுத்துக் குறிமுறையில் பேசுவது என்ற விவரங்களை ஓர் அமைவுக் கோப்பில் ஓரிரு வரிகளாக எழுதிவைக்கிறார்கள். அந்த வரிக்கு இணைப்புத் தொடர் என்று பெயர் சொல்லலாம். 2005இல் வந்த டாட்நெட்டின் இரண்டாம் பதிப்பு, அந்த வரிகளை மாற்றினால் நிரலைத் தொடாமலே ஒரு தரவுத்தளத்தை விட்டு மற்றொன்றுக்குச் சென்றுவிடலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியது. நம் இளைஞருள் ஒருவர் அதனை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒளி இருந்தது. மற்றவர் சிரித்துக்கொண்டே, மதிப்பு வந்து அமர வேண்டிய இடத்தைக் குறிப்பதற்கு ஒன்று 'அட்' குறியைக் கேட்கும், ஒன்று முக்காற்புள்ளியைக் கேட்கும், ஓ.டி.பி.சி. வெறும் வினாக்குறியைக் கேட்கும். அதற்கே நிரலைத் திருத்த வேண்டும் என்றார். அந்த வினாக்குறியைப் பின்னர் வேறோர் இடத்தில் சந்திப்போம்.

இடையில் நிற்கும் இந்தப் புரொவைடரைத் தமிழில் என்னென்று சொல்வது என்று எண்ணியபோது, தொல்காப்பியக் கற்பியல் நினைவுக்கு வந்தது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சென்று பேசும் பாணன், பாங்கன், தோழி, விறலி முதலியோரை வாயில்கள் என்று இலக்கணம் குறிக்கிறது. வாயில் சொல்லும் சொல்லை ஏற்பதும் உண்டு; 'வாயில் மறுத்தல்' என்று துறை வகுத்து மறுப்பதும் உண்டு. புரொவைடரை வாயில் என்றே இவ்வுரையில் அழைக்கிறேன். கலைச்சொல் அறிஞர்கள் வேறு சொல் தருவார்களாயின் எனக்கு வழக்கில்லை.

இனி, தரவுத்தளங்களை ஒப்பிடுவோர் கேட்க வேண்டியதாக நான் கருதும் கேள்வி இது. தான் அறியாத எழுத்தொன்றை வாயில் கொண்டுவந்து நீட்டும்போது ஒவ்வொரு தரவுத்தளமும் என்ன செய்கிறது?

யுனிகோடு என்னும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளியானபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. ஆயினும் அதன்பின் நெடுங்காலம் தமிழைக் கணிப்பொறிகள் எழுத்துருவின் துணையால்தான் காட்டிவந்தன. உச்சியில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளின் இருக்கைகளில் தமிழெழுத்துகளை அமர்த்திவிட்டோம். தரவுத்தளத்துக்குத் தமிழ் என்று ஒன்று வந்திருப்பதே தெரியாது. மைஎஸ்கியூஎல் 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, வேறு ஏதும் சொல்லாவிட்டால், இலத்தீன் எழுத்துகளைச் சுவீடன் நாட்டு அகரவரிசைப்படி ஒப்பிடுவது என்றே கொண்டிருந்தது. அதனை ஆக்கியவர்கள் அந்நாட்டில் இருந்தவர்கள். அவ்வரிசைப்படி, குறியிட்ட எழுத்தும் குறியிடாத எழுத்தும் பல இடங்களில் ஒன்றே. ஆகவே நாம் வெவ்வேறென்று கருதி இட்ட இரு தமிழெழுத்துகளை ஒன்றென்று அது தீர்ப்பளிக்கக் கூடும். நம் சொற்களின் ஒற்றுமை வேற்றுமையைச் சுவீடன் நாட்டு அகராதிக்காரர் முடிவு செய்த காலமும் ஒன்று இருந்தது என்பதைத் தமிழ் வரலாற்றில் யாரேனும் எழுதிவைக்கட்டும்.

ஒருங்குறி பரவிய பின்னரும் இடர் தீரவில்லை. எஸ்கியூஎல் சர்வரில் எழுத்துகளைச் சேமிக்க வார்க்கார் என்றும் என்வார்க்கார் என்றும் இருவகை நெடுவரிசைகள் உண்டு. முன்னது ஏதேனும் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொகுதிக்கு உரியது. பின்னது ஒருங்குறிக்கு உரியது. 2019ஆம் பதிப்பு வரும்வரை முன்னதில் தமிழ் அமர வழியே இல்லை. அப்படியானால் வார்க்கார் நெடுவரிசையில் தமிழை நீட்டினால் என்ன ஆகும்? மறுக்காது. எச்சரிக்காது. ஒவ்வொரு குறிக்கும் ஒரு வினாக்குறியை எழுதி வைத்துக்கொண்டு, ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லும். நெடுவரிசை சரியாக இருந்து, மேற்கோளின் முன்னே 'என்' என்னும் ஓர் எழுத்தை நிரலாளர் இடத் தவறினாலும் அதே கதிதான். வாயிலினிடத்தும் தவறு நேரலாம். அனுப்புகின்ற மதிப்பு ஒருங்குறி அன்று, ஆன்சி வகை என்று அமைவில் சொல்லிவிட்டால், வாயில் அந்த எழுத்துகளை வினாக்குறிகளாக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் இவ்வகையில் வேறுபட்டது. கேட்பவரின் குறிமுறையில் இல்லாத எழுத்து ஒன்று வருமாயின், இதற்கு நிகரான எழுத்து அங்கில்லை என்று பிழை கூறி நின்றுவிடும். மைஎஸ்கியூஎல் முன்னாளில் எச்சரிக்கை ஒன்றை மெல்லச் சொல்லிவிட்டு வினாக்குறியை எழுதிக்கொண்டிருந்தது. 2015இல் வந்த 5.7ஆம் பதிப்பு முதல் கண்டிப்பு நிலையே இயல்பு நிலையாகி, மறுக்கக் கற்றுக்கொண்டது. ஆயினும் கொடுக்கும்போது இன்னும் பழைய வழக்கம் உண்டு: இணைப்பின் குறிமுறை இலத்தீன் என்று அமைந்துவிட்டால், உள்ளே நலமாக இருக்கும் தமிழ் வெளியே வினாக்குறியாக வரும். அதனைக் கண்ட ஒருவர் வேறொரு சொல்லைத் திருத்தி, 'சேமி' என்று அழுத்தினால் உள்ளிருந்த தமிழும் போயிற்று. இணைப்புத் தொடரில் குறிமுறையைச் சொல்லும் ஒரேயொரு துண்டு இதனைத் தடுக்கும்.

தலைவி வாயில் மறுத்தால் ஊடல் நீளும், அவ்வளவே. மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்காத தரவுத்தளத்தால் நேரும் கேட்டினை நான் என் வாழ்வில் கண்டேன். அதனைச் சொல்லாமல் இவ்வளவு விரிவாக இதனைப் பேச எனக்கு உரிமை இல்லை.

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக 2003 முதல் 2006 வரை தாலாட்டும் ஒப்பாரியும் சேகரித்தேன். ஒலிநாடாவில் பதிந்து, வீட்டுக்கு வந்து கேட்டுக் கேட்டு எழுதுவேன். நாடா விலை கொடுத்து வாங்க வேண்டியது. எழுதி முடித்த நாடாவின் மேலேயே அடுத்த ஊர்ப் பாடலைப் பதிந்தேன். தொடக்கத்தில் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு கணிப்பொறியில் நேரடியாகவே ஒருங்குறியில் தட்டச்சுச் செய்து, ஆக்சஸ் தரவுத்தளம் ஒன்றில் சேர்த்தேன். மொத்தம் 340 பாடல்கள். பட்டம் பெற்றபின் அத்தொகுப்பை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன்; பெயர் வேண்டா. 2011இல் அங்கே பழைய பொறிகளை அகற்றி எல்லாவற்றையும் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றினார்கள். மாற்றி முடித்ததும் பழையதில் எத்தனை வரிசைகள், புதியதில் எத்தனை வரிசைகள் என்று எண்ணிப் பார்த்தார்கள். 340; 340. சரியாக இருந்தது. பழைய பொறி கழிவுக்குச் சென்றது. ஒரு வரியையும் ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. என்னிடத்தே வேறு படி வைத்துக்கொள்ளவும் இல்லை. அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது.

ஓராண்டு கழித்துக் கட்டுரை ஒன்றுக்காக அத்தொகுப்பைத் திறந்தபோது 340 பாடல்களும் வினாக்குறிகளாக இருந்தன. ஒரு தாய் தன் மகனை இழந்து பாடியது முழுவதும் வினாக்குறி. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் வினாக்குறி.

ஆனால் கவனியுங்கள்: சொல்லிடை வெளிகள் அப்படியே இருந்தன. அடி முடியும் இடங்கள் இருந்தன. ஒவ்வொரு குறிக்கும் ஒவ்வொரு வினாக்குறி என்பதால், எந்தச் சீருக்கு எத்தனை குறி என்பதும் இருந்தது. பாடலின் யாப்பு எஞ்சியிருந்தது, பாடல் இல்லை. பழைய குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பாடலின் எந்த அடி இந்த எண்ணிக்கைக்குப் பொருந்துகிறது என்று விரல்விட்டு எண்ணி எண்ணி, பல மாதங்களில் 227 பாடல்களுக்கு அவற்றின் இடத்தைக் கண்டுபிடித்தேன். எஞ்சிய 113 பாடல்களுக்குக் குறிப்பேடு இல்லை. அவற்றைப் பாடிய மூதாட்டியருள் இருவரைத் தேடிச் சென்றேன். ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் என்னை அடையாளம் கண்டு, மோர் கொடுத்து, அந்தப் பாட்டெல்லாம் இப்போது வருவதில்லை அம்மா என்றார்.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த முன்னோரின் இடர்களை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வரும். ஏட்டில் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் தோன்றும். இருந்தும் அங்கே ஏதோ ஓர் எழுத்து உண்டு. அதனை வைத்துப் பாடம் ஓதலாம், பாடபேதம் காட்டலாம், பிழையெனத் தள்ளலாம். கணிப்பொறியிலும் அத்தகைய சிதைவு உண்டு. ஒரு குறிமுறையில் எழுதியதை மற்றொரு குறிமுறையாகப் படித்தால், உச்சிக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை போலத் திரையில் தோன்றும். பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் பைட்டுகள் சிதையாமல் இருந்தால் அதனைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வினாக்குறியோ பார்ப்பதற்குத் தூய்மையாக இருக்கும். அதனுள் மீட்பதற்கு ஒன்றுமில்லை.

எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னேன். கவிஞர்களுக்கு அது சுவையான செய்தி என்பதால் சற்று நிற்கிறேன். 'யாப்பு' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று குழந்தையும் சொல்லும். ஒருங்குறியில் அது ஆறு குறிகள்: யகரம், துணைக்கால், பகரம், புள்ளி, பகரம், உகரக்குறி. நீளம் என்ன என்று மைஎஸ்கியூஎல்லைக் கேட்டால் 18 என்னும். அது பைட்டுக் கணக்கு. போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லைக் கேட்டால் 6 என்னும். எஸ்கியூஎல் சர்வர் ஒரு வினாவுக்கு 6 என்றும், மற்றொரு வினாவுக்கு 12 என்றும் விடை தரும். இவ்வளவு விடைகளில் மூன்று என்பது மட்டும் இல்லை. எழுத்தெண்ணிப் படித்தல் என்னும் நம் மரபுக்கு இத்தரவுத்தளங்களில் ஒன்றும் இன்னும் வந்து சேரவில்லை.

இதனால் விளைவது என்ன? கணியன் பூங்குன்றனார் என்னும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பதினோர் எழுத்துகள். குறிகளின் கணக்கில், நடுவே உள்ள இடைவெளியோடு 20. யு.டி.எஃப்.-8 முறையில் 58 பைட்டுகள். ஆரக்கிளில் நெடுவரிசையின் அகலம், மாற்றிச் சொல்லாவிட்டால், பைட்டிலேயே அளக்கப்படும். ஐம்பது என்று தாராளமாக இடம் ஒதுக்கினாலும் பதினோர் எழுத்துப் பெயரை அது ஏற்காது. ஆனால் ஏற்கமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லும். அதனை நான் குறையாகக் கொள்ளவில்லை. கண்டிப்பு நிலை இல்லாத மைஎஸ்கியூஎல்லில் 19 என்று அகலம் வைத்திருந்தால், இறுதிக் குறியை மட்டும் வெட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளும். இறுதிக் குறி எது? ரகரத்தின் மேலிருக்கும் புள்ளி. 'பூங்குன்றனார' என்று நிற்கும். டாட்நெட்டின் வாயிலும், அனுப்பும் மதிப்பின் அளவு 19 என்று அமைத்துவிட்டால் ஓசையின்றி அவ்வாறே வெட்டி அனுப்பும். புள்ளி போன பெயரைக் காண்பவர் தட்டச்சுச் செய்தவரைத்தான் திட்டுவார்.

தேடுவதிலும் இடர் உண்டு. 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். எகரக்குறியையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறியின் இலக்கணப்படியும் இரண்டும் ஒன்றே. ஆனால் போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லும் எஸ்கியூலைட்டும் இயல்பாகப் பைட்டுகளையே ஒப்பிடுவதால் இரண்டும் வேறு என்னும். 'கொற்கை' என்று தேடினால் ஒருவர் எழுதியது கிடைக்கும், மற்றவர் எழுதியது கிடைக்காது. உள்ளே புகும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொணர்ந்துவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லில் 2020இல் வந்த 13ஆம் பதிப்பு முதல் அதற்கென்றே ஒரு செயற்கூறு உண்டு. ஸ்ரீ என்பதன் கதை இன்னும் சிக்கல். 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த வேறொரு சகரத்தைக் கொண்டும் அதனை எழுதலாம். அவ்விரண்டையும் ஒருங்குறியே ஒன்றென ஏற்பதில்லை. நம் வட்டத்தில் ஸ்ரீயில் தொடங்கும் பெயருடையோர் நால்வர் உள்ளனர். அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று நான் தனியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அகரவரிசையில் அடுக்குவதைப் பற்றி இளைஞர்களிடம் கேட்டபோது, அது தானே வந்துவிடும் என்றார்கள். அடுக்கிக் காட்டச் சொன்னேன். கண்ணன், கனகா, கபிலன் என்று வந்தது. ஒருங்குறியின் குறியெண்களில் னகரம் நகரத்தை அடுத்து இருப்பதால் வந்த வினை. தமிழில் னகரம் கடைசி மெய். கபிலன் முந்த வேண்டும், கனகா பிந்த வேண்டும். 'அகம்' முன்னும் 'அக்கா' பின்னும் வந்தன. பேரகராதி வைக்கும் முறை அதுவன்று, புள்ளியெழுத்தே முந்தும். இதனைத் திருத்த வழி உண்டா என்றேன். ஒருவர் அரைமணி நேரம் தேடி, போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லில் 2017இல் வந்த பத்தாம் பதிப்பு முதல் தமிழுக்கென வகுத்த வரிசைமுறையைப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தார். அதனைச் சொன்னதும் கண்ணன், கபிலன், கனகா என்று வந்து நின்றன. அந்த நொடியில் அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை, மூன்று ஞாயிறுகளில் வேகத்தைப் பற்றி அவர் பேசியபோது நான் காணவில்லை. எஸ்கியூலைட்டில் இதற்கென வேறொரு துணைப்பகுதியைச் சேர்க்க வேண்டும், தானாக வராது.

இன்னும் ஒன்று. தலைப்பில்லாத கவிதை வேறு. தலைப்பு இன்னதென்று நாம் அறியாத கவிதை வேறு. முன்னதில் கவிஞர் வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறார். பின்னதில் நாம் தொலைத்திருக்கிறோம். போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் வெற்றுச் சொல்லையும் 'இன்மை'யையும் இரண்டாகவே வைத்திருக்கும். ஆரக்கிள் வெற்றுச் சொல்லை இன்மையாகவே கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், இணைப்புத் தொடர் மாறியதைத் தவிர வேறொன்றும் தெரியாமலே, நம் தொகுப்பிலுள்ள தலைப்பில்லாக் கவிதைகள் எல்லாம் தலைப்பு தொலைந்த கவிதைகளாகிவிடும். இன்மையிலேயே இரு வகை வேண்டும், இருக்க வேண்டியது கிடைக்காமை ஒன்று, இருக்க வேண்டியதே அன்று என்பது மற்றொன்று என்று காட் அவர்களே பிற்காலத்தில் வற்புறுத்தினார். பெரும்பாலான தரவுத்தளங்கள் அதனை இன்றுவரை கேட்கவில்லை.

இவ்வளவு கேட்டபின் எதைத் தேர்ந்தீர்கள் என்று வினவுவீர்கள். வேகத்தைப் பற்றிய வாதம் முதலில் முடிந்தது. பத்தாண்டுகளில் 120 கூட்டங்கள். கூட்டத்துக்குப் பதினைந்து கவிதைகள் என்று வைத்தாலும் 1800. ஒரு கவிதைக்கு 600 குறிகள் என்று கொண்டால், எல்லாம் சேர்ந்து மூன்று மெகாபைட்டுக்குச் சற்று மேல். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனினும் பெரிதாக இருக்கும். இதற்கு எந்தத் தரவுத்தளமும் விரைவானதே. எஸ்கியூலைட் ஒரே கோப்பாக இருப்பதால் படியெடுப்பது எளிது என்று ஒருவர் கடைசிவரை வாதிட்டார். அவர் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் மறுக்கத் தெரிந்தது என்பதற்காகவும், தமிழ் வரிசை அறிந்தது என்பதற்காகவும் போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல்லுக்கே என் வாக்கு. தோற்றவர் வருந்தாதபடி, ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் எல்லாக் கவிதைகளையும் வெறும் எழுத்துக் கோப்பாகவும் எடுத்து வைப்பது என்று அவரே பொறுப்பேற்றுள்ளார். அச்சிட்ட படி ஒன்று வட்டத்தின் அலமாரியில் இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

தரவு புகுவதற்கு முன்னர் வாயிலைச் சோதிக்க ஒரு தாள் எழுதியிருக்கிறேன். அதில் கணியன் பூங்குன்றனார் இருக்கிறார். இருவகைக் கொற்கையும் இருவகை ஸ்ரீயும் இருக்கின்றன. ஆய்த எழுத்து இருக்கிறது. 2019இல் ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பில் சேர்ந்த முந்திரி முதலிய பின்னக் குறிகளும் இருக்கின்றன. அந்தப் பின்னக் குறிகளுக்கு நான்கு பைட்டுகள் வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் பழைய யு.டி.எஃப்.-8 மூன்றுக்கு மேல் ஏற்காது. நம் மரபுக்கவிஞர் ஒருவர் வெண்பாவில் நில அளவைக் கணக்குப் பாடியிருப்பதால் அவை நமக்குத் தேவை. இத்தாளை ஒருமுறை உள்ளே எழுதி, வெளியே எடுத்து, அச்சிட்டு, மூலத்தோடு வைத்து ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றொருவர் சரிபார்ப்பார். வரிசைகளை எண்ணுவதோடு நிறுத்தமாட்டோம்.

அத்தாளில் இன்னும் இடம் இருக்கிறது. தங்கள் கவிதைகளில் வரும் அரிய சொல், வழக்கொழிந்த எழுத்து, தாங்களே வேண்டுமென்று இட்ட விந்தைக் குறி, அடி நடுவே விட்ட வெற்றிடம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். தங்கள் பெயரைத் தாங்கள் விரும்பும் எழுத்தில், முன்னெழுத்துக்குப் பின் புள்ளி வேண்டுமா வேண்டாவா என்பதோடு எழுதிக் கொடுங்கள். தலைப்பில்லாக் கவிதையாயின், 'தலைப்பில்லை' என்று தங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள். வாயிலின் அருகே மேசை போட்டு இரு இளைஞர்களும் அமர்ந்திருக்கிறார்கள். உணவு இடைவேளையில் அவர்களைச் சந்திக்க வேண்டுகிறேன்.